அளவுக்கு எதைக் கொடுப்பீர்கள்?

கேட்டவருக்கு 24 வயது. குடியாத்தம் பக்கத்துக் கிராமம், வேலூரில் வேலை, தினமும் பஸ். "சம்பளம் வந்த வாரமே ஒரு குர்த்தி வாங்கிவிடுகிறேன். பீரோ கதவு மூடமாட்டேன் என்கிறது. ஆனாலும் காலையில் போட ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. பார்த்து வாங்குவது எப்படி? எனக்கென்று ஒரு ஸ்டைல் எப்படி வரும்?" இதுதான் கேள்வி.

நான் ஃபேஷன் படித்தவள் இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் 26 வருஷமாகத் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். அப்பா குடியாத்தத்தில் கைலி நெய்தவர். அதனால் துணியைத் தடவிப் பார்க்கிற பழக்கம் பிறந்த வீட்டுச் சீதனம். துணிக்கடைக்காரருக்கு நீங்கள் வாங்குகிற நாள் மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு நடப்பது எனக்குத் தெரியும். அக்குள் விட்டுப்போய், பட்டன் தெறித்து, ஜிப் பல்லிளித்து எல்லாம் என்னிடம்தானே வருகிறது. எதைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறார்கள், எதைக் கொண்டுவருவதே இல்லை என்று பார்த்தாலே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

ஸ்டைலில் இருந்தே தொடங்குகிறேன். புதுத் துணி தைக்க வருகிறவர்களிடம் "அளவுக்கு ஒண்ணு குடுங்க" என்பேன். டேப் வைத்து அளப்பதைவிட எங்களுக்கு அது சௌகரியம். அப்போது பையிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். போன மாதம் வாங்கியது வராது. கல்யாணத்துக்கு எடுத்ததும் வராது. வெளுத்து, தேய்ந்து, ஓரம் பிரிந்த பழசு ஒன்றுதான் வரும். "இது கரெக்டா இருக்கும்கா" என்று சொல்லிக்கொண்டே கொடுப்பார்கள். கொடுக்கும்போது கொஞ்சம் கூச்சப்படவும் செய்வார்கள்.

ஒரு டீச்சர் பத்து வருஷமாக என்னிடம் தைக்கிறார். ஒவ்வொரு முறையும் போனில் ஒரு படம் காட்டுவார். பஃப் கை, படகுக் கழுத்து, முதுகில் நாடா. அளவுக்குக் கொடுப்பது மட்டும் எப்போதும் ஒரே டாப். கருநீலத்தில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளி. முழங்கை வரை கை. கழுத்து முன்னால் சின்ன யு, பின்னால் நன்றாக மூடியிருக்கும். வலது பக்கம் ஒரு பாக்கெட். சாக்பீஸ் எடுத்து எடுத்து பாக்கெட் வாய் மட்டும் தனியாக வெளிறியிருக்கும். அக்குளில் இரண்டு தடவை நானே ஒட்டுப் போட்டிருக்கிறேன். "இதே மாதிரி இன்னொண்ணு தைக்கலாமே டீச்சர்" என்றால், "அது பழசும்மா, அதுல இன்னா இருக்கு" என்பார். ஒரு வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பு, அவர் கொண்டுவந்த மூன்று துணியையும் அந்த அளவிலேயே, அந்தக் கழுத்திலேயே, பாக்கெட்டோடு தைத்து வைத்துவிட்டேன். படத்தில் இருந்ததைத் தைக்கவில்லை என்று முதலில் முகம் சுளித்தார். அந்த மூன்றும் இப்போது பழுதுக்கு வரத் தொடங்கிவிட்டன. நாடா வைத்துத் தைத்த பழைய டாப்புகளில் ஒன்றுகூட என் கடைக்குத் திரும்பி வந்ததில்லை.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். ஸ்டைலைக் கடையில் போய்த் தேட வேண்டியதில்லை. அளவுக்குக் கொடுக்க எதை எடுப்பீர்கள் என்று யோசியுங்கள். அதன் கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு இறக்கம், இடுப்பில் பிடித்திருக்கிறதா விட்டிருக்கிறதா, முட்டிக்கு மேலா கீழா, துணி மெல்லிசா கெட்டியா, டிசைன் பொடியா பெரிசா. ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தால் அதுதான் நீங்கள் கேட்ட ஸ்டைலில் முக்கால்வாசி.

ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யத் தயக்கமாக இருந்தால், ஒரு மாதம் மாடிக் கொடியைப் பாருங்கள். பீரோவில் எத்தனை இருந்தாலும் கொடியில் சுற்றிச் சுற்றி ஏழெட்டுத்தான் காயும். ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கும்போது காலண்டர் ஓரத்தில் ஒரு குறி வைத்தால் போதும். ஒரு மாதம் கொடிக்கே வராத துணிகளை மட்டும் தனியாக எடுத்து, ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லுங்கள். குத்துகிறது, உள்ளே தெரிகிறது, அதற்கேற்ற பேன்ட் இல்லை, துப்பட்டா நழுவுகிறது, அத்தை வாங்கிக் கொடுத்தது. கடையில் எதைத் தொடக்கூடாது என்பதற்கு அந்தக் காரணங்களே பட்டியல்.

இனி துணி. பெரும்பாலான பேர் கலரையும் மாடலையும் பார்த்து எடுத்துவிட்டுத் துணியைக் கடைசியில் பார்க்கிறார்கள். நம் ஊரில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. வேலூரை 'வெயிலூர்' என்று சும்மாவா கேலி பேசுகிறார்கள். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாக் கூட்டத்தில் நீங்களும் நின்றிருப்பீர்கள். அந்த நெரிசலில் யார் பாலியஸ்டர் போட்டிருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதற்குக் காரணம் ரொம்ப எளிது. நூறு கிராம் பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே ஏழெட்டு கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. வியர்வை துணிக்குள் போக வழியில்லாமல் உடம்பிலேயே நிற்கும், வாடையும் அதனால்தான். அதற்காகப் பாலியஸ்டரே கூடாது என்று சொல்லவில்லை. சுருங்காது, சீக்கிரம் காயும், சாயம் நிற்கும். மழைக்காலத்துக்கும், ஏசி ஆபீசுக்கும், மேலே போடுகிற கோட்டுக்கும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று வருகிறவருக்கு வேண்டாம்.

இப்போது கடைகளில் குவிந்திருப்பது ரேயான் குர்த்தி. "காட்டன் மாதிரி" என்று சொல்லிக் கொடுப்பார்கள். மரக்கூழிலிருந்து வருவது, ஈரத்தை நன்றாக இழுக்கும், உடம்புக்கும் குளிர்ச்சிதான். ஆனால் நனைந்தால் பலம் பாதியாகக் குறைந்துவிடும். பருத்தி நேர்மாறு, நனைந்தால் இன்னும் கெட்டி. அதனால்தான் அம்மாவின் காட்டன் புடவையைக் கல்லில் அடித்து அடித்துத் துவைத்தும் வருஷக்கணக்கில் வருகிறது, உங்கள் ரேயான் டாப் நாலு மாதத்தில் பக்கவாட்டுத் தையலில் விட்டுப்போகிறது. ரேயான் வாங்கினால் கையால் கசக்கி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் போடுங்கள். உங்களால் அது முடியாது, எல்லாம் ஒன்றாக ஊறவைத்துக் கும்முவதுதான் வழக்கம் என்றால் ரேயானைக் கையில் எடுக்காதீர்கள்.

கடையில் நின்று நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். முதலில் துணியின் ஒரு மூலையை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடி, பத்து எண்ணிவிட்டுத் திறப்பேன். சுருக்கமே விழாவிட்டால் செயற்கை நூல் நிறையக் கலந்திருக்கிறது. கசங்கிப் போய், விரலால் நீவினால் ஓரளவு படிந்தால் நல்ல காட்டன். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். நெசவு சீராக இருக்கிறதா, சில இடம் அடர்த்தியும் சில இடம் வலையுமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புதிதில் மொறமொறவென்று இருக்கிற துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் சில சமயம் வெள்ளைத் தூள் வரும். அது கஞ்சி. முதல் துவையலில் கஞ்சி போய்விட்டால் துணி கந்தலாய்த் தொங்கும். கடைசியாக, கர்ச்சீப் மூலையைக் கொஞ்சம் நனைத்து, உள்பக்க மடிப்பில் தேய்ப்பேன். கர்ச்சீப்பில் ஏறினால் சாயம் போகும். கடைப் பையன் முறைப்பான். முறைக்கட்டும்.

மீட்டர் துணி என்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்து கொளுத்தியும் பார்க்கலாம். காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி அல்லது ரேயான். சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். முடி கருகுகிற வாடை வந்து, சாம்பல் விரலில் நசுங்கினால் பட்டு. பருத்தியையும் ரேயானையும் நெருப்பு பிரித்துக் காட்டாது. நூலை எச்சில் தொட்டு இழுத்துப் பாருங்கள், ஈரமான இடத்தில் பட்டென்று அறுந்தால் ரேயான்.

கலரை டியூப்லைட்டில் முடிவு செய்யாதீர்கள். வேலூர் லாங் பஜாரில் உள்ளே நீளமாகப் போகிற கடைகளில் நல்ல வெயில் நேரத்தில்கூட விளக்கு வெளிச்சம்தான். "கொஞ்சம் வாசல்ல பாத்துட்டு வரேங்க" என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். உள்ளே மெரூனாக இருந்தது வெளியே செங்கல் கலராக இருக்கும். மாநிறத்துக்கு மஞ்சள் ஆகாது, கறுப்பாக இருந்தால் வெளிர் நிறம்தான் போட வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். 26 வருஷத்தில் இதில் எதுவும் உண்மையாக இருந்து நான் பார்க்கவில்லை. கறுத்த நிறத்துக்கு அரக்கும், கடுகு மஞ்சளும், மயில் கழுத்துப் பச்சையும் எப்படி எடுக்கும் தெரியுமா? துணியைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். பார்வை முதலில் துணிக்குப் போனால் வைத்துவிடுங்கள், கண்ணுக்குப் போனால் எடுங்கள்.

கலரில் நான் கண்டிப்பாகச் சொல்வது வேறொன்று. கீழே போடுவதை முதலில் தீர்மானியுங்கள். கறுப்பு, சந்தனம், கருநீலம் என்று இரண்டோ மூன்றோ பேன்ட் போதும். புதிதாக எந்த டாப் எடுத்தாலும் வீட்டில் இருக்கிற இரண்டு பேன்டுக்காவது அது சேர வேண்டும். ஒரு டாப்புக்காக ஒரு லெக்கிங்ஸ், அந்த லெக்கிங்ஸுக்காக ஒரு துப்பட்டா என்று போனால் பீரோ கதவு எப்படி மூடும்?

அளவு விஷயத்துக்கு வருகிறேன், இது என் தொழில். டிரையல் ரூமில் கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கி நிற்காதீர்கள். பஸ் கம்பியைப் பிடிப்பது போல ஒரு கையை உயர்த்துங்கள். சட்டை முழுக்க மேலே ஏறினால் அக்குள் வெட்டு சரியில்லை. உட்காருங்கள். கீழே விழுந்த சில்லறையை எடுப்பது போலக் குனியுங்கள். கழுத்து விலகுகிறதா, முதுகு தெரிகிறதா பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. "இத்த கொஞ்சம் புடிச்சிக் குடுங்கக்கா" என்று ரெடிமேட் டாப்போடு வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை மடிக்கலாம். தோள் இறங்கினது, அக்குள் இறுக்குவது, கழுத்து அகண்டது, இந்த மூன்றையும் சரிசெய்ய முழுசாகப் பிரித்துத் திரும்ப வெட்ட வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொன்றே வாங்கிவிடலாம்.

உள்பக்கம் திருப்பிப் பார்க்கவும் மறக்காதீர்கள். மலிவு ரெடிமேடில் ஓவர்லாக்கை, அதாவது ஓரம் பிரியாமல் போடுகிற தையலை, ஒட்டி கால் அங்குலத் துணிகூட இருக்காது. உடம்பு கொஞ்சம் போட்டால் பிரித்துவிட வழியில்லை. தைக்கக் கொடுக்கும்போது "உள்ள துணி விட்டுத் தைங்க" என்று சொல்லுங்கள். ஜாக்கெட்டில் ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டால் கல்யாணத்துக்கு முன்னும் பிள்ளை பெற்ற பின்னும் அதே ஜாக்கெட் வரும்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கின மூன்றாவது வருஷம், ஒரு அம்மா நல்ல கைத்தறிக் காட்டன் கொடுத்து டாப் தைக்கச் சொன்னார். தீபாவளி நெருக்கம். நனைத்துக் காயவைக்க நேரமில்லாமல் அப்படியே வெட்டித் தைத்துவிட்டேன். முதல் துவையலிலேயே முட்டிக்குக் கீழே இருந்தது முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. காட்டன் நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே நாற்பது அங்குல நீளத்தில் இரண்டு அங்குலம் போய்விடுமே. அவர் சத்தம்கூடப் போடவில்லை. மிஷின் மேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். என் காசில் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து காட்டன் எது வந்தாலும் ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறி, காய்ந்த பிறகுதான் கத்தரி படும். உங்கள் தையல்காரர் நனைக்கமாட்டார் என்றால் நீங்களே நனைத்துக் கொடுங்கள். லைனிங் துணியையும் சேர்த்து. மேல் துணியை நனைத்துவிட்டு லைனிங்கை விட்டால் உள்ளே சுருங்கி வெளியே தொளதொளவென்று நிற்கும்.

இன்னொன்று. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எங்கள் அம்மாவும் செய்தார், நானும் பல வருஷம் செய்தேன். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணிக்கு அதனால் பிரயோசனமில்லை. முதல் மூன்று நாலு துவையல் தனியாகப் போடுவதுதான் வழி.

பணக்கணக்கு. விலைச்சீட்டைப் பார்க்கும்போது அதை எத்தனை முறை போடுவேன் என்று வகுத்துப் பாருங்கள். 650 ரூபாய் காட்டன் டாப்பை வாரம் ஒரு நாள் போட்டால் இரண்டு வருஷத்தில் நூறு தடவைக்கு மேல். ஒரு தடவைக்கு ஆறரை ரூபாய்தான். 2,400 ரூபாய்க்குக் கல்மணி ஒட்டின செட் ஒன்று, ஒரு நிச்சயதார்த்தம், ஒரு வளைகாப்பு, அவ்வளவுதான். தடவைக்கு 1,200. அதற்காக விசேஷத்துக்கு எடுக்காமல் இருக்க முடியுமா, முடியாது. வருஷத்துக்கு எத்தனை விசேஷம் என்று எண்ணி அதற்குத் தக்கபடி எடுங்கள். என் பார்வையில், விசேஷத்துக்கு ஒவ்வொரு தடவையும் புது செட் எடுப்பதைவிட ஒரு நல்ல பட்டு எடுத்து இரண்டு மூன்று ஜாக்கெட் மாற்றிக் கட்டுவது லாபம்.

பட்டு என்றதும் காஞ்சிபுரம் ஓட வேண்டாம். ஆரணி பக்கத்திலேயே இருக்கிறது. நம் பழைய வட ஆற்காட்டு ஊர்தான், 1989-இல் மாவட்டம் பிரிந்தபோது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, விலையும் பொதுவாகக் குறைவு. முதல் தடவை பட்டு கட்டுகிற பெண்ணுக்குக் கனமில்லாமல் மடிப்பு நிற்கும். எங்கே வாங்கினாலும் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்தது. நூல் அசல் பட்டு என்பதற்குத்தான் அந்தச் சீட்டு. ஜரிகைக்கும் கைத்தறிக்கும் அது ஜவாப்தாரி இல்லை. கைத்தறி என்பதற்குக் கைத்தறி முத்திரை தனியாக உண்டு. தினசரிக்குக் கைத்தறிக் காட்டன் வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸுக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1935-லிருந்து இருக்கிற கூட்டுறவு. தீபாவளி சமயத்தில் முப்பது சதவீதத் தள்ளுபடி கொடுப்பார்கள், அப்போது இரண்டு சுடிதார் துணியும் ஒரு போர்வையும் எடுத்துவிட்டால் வருஷம் ஓடும்.

ஆடித் தள்ளுபடியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமும் இல்லை, கெட்ட அபிப்பிராயமும் இல்லை. எப்படியும் வாங்கியே தீர வேண்டியவை இருக்கின்றன, உள்பாவாடை, உள்ளாடை, துண்டு, நைட்டி, வெள்ளை லெக்கிங்ஸ். இவற்றை ஆடியில் வாங்கினால் காசு மிச்சம். டாப் குவியலுக்குள் கையை விட்டு "முந்நூறுதானே" என்று இழுப்பதுதான் வினை. ஒரு ஆடியில் நானே அப்படி ஐந்து இழுத்துக்கொண்டு வந்தேன். அதில் ஒரு சிவப்பு, என் மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டை இரண்டையும் ரோஸ் ஆக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. மற்ற நாலும் கரித்துணியாயின. பிடித்துப்போனாலும் உடனே எடுக்காமல், ஒரு டீ குடித்துவிட்டு, வேலூர்க் கோட்டை அகழி ஓரம் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். அரை மணி கழித்தும் அதன் கழுத்து எப்படி இருந்தது என்று ஞாபகம் இருந்தால் திரும்பிப் போய் எடுங்கள்.

கோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. "ஒரு துணிக்கா இவ்வளவு யோசனை" என்று வீட்டில் யாராவது கிண்டல் செய்தால், மக்கான் சந்திப்பில் நிற்கிற நினைவுத் தூணைக் காட்டுங்கள். 1806 ஜூலை 10-இல் இந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததற்கு ஒரு பெரிய காரணம் உடை. நெற்றியில் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடு, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளம் உத்தரவு போட்டது. தலையில் எதை வைப்பது என்பது அன்றைக்கே இந்த ஊரில் சின்ன விஷயமாக இருக்கவில்லை. நீங்கள் துப்பட்டா போடுவதா வேண்டாமா என்று பக்கத்து வீட்டில் பேசுவதற்கெல்லாம் கலகம் செய்யச் சொல்லவில்லை. முதுகு மூடினால்தான் உங்களுக்கு நிம்மதி என்றால் மூடுங்கள், கை இல்லாமல் போட்டால்தான் நிம்மதி என்றால் அப்படிப் போடுங்கள். அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வைக்கிற துணி, எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்களுடையது ஆகாது.

வீட்டில் அண்ணன் தம்பிக்கும் சேர்த்துச் சில வரிகள். 58 அங்குல அகலத் துணி என்றால் நடுத்தர உடம்புக்கு முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் போதும். கடையில் இரண்டு மீட்டர் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். கட்டம் போட்டதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், பாக்கெட்டில் கட்டம் பொருந்தாவிட்டால் அசிங்கம். கைலி எடுக்கும்போது கவுன்ட் கேளுங்கள். ஒரு பவுண்டு எடை நூலில் 840 கெஜ நீளமுள்ள நூல்கட்டு (சிட்டா) எத்தனை நிற்கிறதோ அதுதான் கவுன்ட். எண் ஏற ஏற நூல் மெல்லிசு. நூறு கவுன்ட் கைலி பட்டு மாதிரி வழுக்கும், விலையும் ஏறும். வேலை செய்கிறவருக்கு அறுபது, எண்பது நன்றாக உழைக்கும். அப்பா கடைசி வரை எண்பதைத் தாண்டிக் கட்டியதில்லை. நூறில் நெய்தது எல்லாம் விற்கத்தான். செருப்பு, ஷூ எதுவானாலும் சாயங்காலம் வாங்கவும், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஷூ நகரமான ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு ரெக்சின் ஷூ போட்டுக் கால் வெந்துபோகிற பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

வாங்கியதைக் காப்பாற்றுவது பற்றிச் சுருக்கமாக. நம் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமும். சோப்பு நுரைக்காமல் துணியிலேயே படிந்துவிடும், வெள்ளை பழுப்பேறும். நல்ல துணிகளின் கடைசி அலசலுக்காவது குழாயில் வருகிற குடிதண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள். உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். மாடி வெயிலில் ஒரு கோடை முழுக்கக் காய்ந்தால் எந்தக் கெட்டிச் சாயமும் வெளுக்கும், லெக்கிங்ஸின் இழுவையும் போய்விடும்.

இப்போது உங்களுக்கு. இந்த மாதச் சம்பளத்தில் ஒன்றும் வாங்காதீர்கள், கொடியை மட்டும் பாருங்கள். அடுத்த மாதம், அதிகமாகக் கொடிக்கு வந்த டாப் எதுவோ அதே வகைக் காட்டனில், 44 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர் எடுங்கள். ஊறவைத்துக் காயவைத்து, அந்தப் பழைய டாப்போடு உங்கள் ஊர்த் தையல்காரரிடம் கொடுங்கள். "இதே மாதிரி, பாக்கெட் மட்டும் ஒண்ணு சேத்து" என்று சொல்லுங்கள். பழசைத் திருப்பி வாங்க மறந்துவிடாதீர்கள். எங்கள் கடைகளில் அளவுத் துணிகள்தான் அதிகமாகத் தங்கிப்போகின்றன. என்னிடமே இப்போது பதினோரு டாப், யாருடையது என்று தெரியாமல், ஒரு மூட்டையாகக் கிடக்கிறது.